வெடி வெடித்தாயிற்று, இனி வேலை!

வாக்கு எண்ணும் நாளன்று திருமானூர் கடைத்தெருவுக்கு வந்து பாருங்கள். அன்று வயல் வேலைக்குப் போகிற ஆள் குறைவு. சிமெண்டு ஆலையில் இரவு முறை முடித்து வந்த தொழிலாளி வீட்டுக்குப் போய்ப் படுக்க மாட்டார். டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருப்பார். முதல் சுற்று முடிவு வந்ததும், “நம்ம ஆளு முந்திட்டாரு!” என்று ஒருவர் கை தட்டுவார். இரண்டாவது சுற்றிலும் அதே சேதி வந்தால் போதும். மறைத்து வைத்திருந்த சரவெடி வெளியே வரும். அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்த காசுக்கு மிட்டாய் வாங்கி, முன்பின் தெரியாத பஸ் பிரயாணிக்கும் நீட்டுவார்.

இந்த மகிழ்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிற மேதாவிகள் உண்டு. “யார் ஜெயித்தால் உனக்கென்ன? நாளைக்கும் நீ மண்வெட்டியைத்தானே தூக்கப் போகிறாய்?” என்று கேட்பார்கள். கேட்பதற்குப் பெரிய ஞானம் போலத் தோன்றும் இந்தப் பேச்சு, உண்மையில் உழைப்பாளியை வாயடைக்கச் செய்யும் பேச்சு. இதை நாம் ஏற்பதற்கில்லை.

ஏன்?

இந்த நாட்டில் பண்ணையாளுக்கு ஓட்டு என்பது யாரும் மனமிரங்கித் தந்த பிச்சை அல்ல. 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி நடந்த தேர்தல்களில் சொத்து இருக்க வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது படித்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாதவன் சர்க்காரின் கண்ணுக்கு மனிதனாகவே தெரியவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தபோதுதான், 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும், மிராசுதாரும் பண்ணையாளும், ஒரே வரிசையில் நின்றார்கள். சுமார் 17 கோடிப் பேர் வாக்காளர் ஆனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காக, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தார்கள். வாசலில் நிற்கவும் அனுமதி இல்லாதிருந்தவன் ஆண்டையின் ஆட்சியை எடைபோட்ட நாள் அது. அவன் ஆதரித்தவர் வென்றால் அவன் ஆடத்தான் செய்வான், ஆடட்டும்!

ஆனால், தோழர்களே, அந்த ஆட்டத்தில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றில் காலை வைத்து விழுந்தவர்கள் நம்மவர்களே. அதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதல் பள்ளம், எண்ணி முடிப்பதற்கு முன்பே வெடி வெடிப்பது. இதைத் திருமானூர் மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. திருமானூர் அடங்கிய அரியலூர் சட்டமன்றத் தொகுதியில் 2016-ல் வெற்றியைத் தீர்மானித்தவை 2,043 வாக்குகள். 2021-ல் தீர்மானித்தவை 3,234 வாக்குகள். இதே அரியலூரையும் உள்ளடக்கிய சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் 2019 மே 23 அன்று நடந்ததை யார் மறப்பார்? பானைச் சின்னத்தில் நின்ற தொல். திருமாவளவனும் அவரை எதிர்த்து நின்றவரும் மாறி மாறி முந்தினார்கள். ஒரு சுற்றில் வெடித்த வெடி அடுத்த சுற்றில் நனைந்தது. கடைசியில் 3,219 வாக்குகளில் பானை வென்றது. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த இடத்தில், பங்கு போட்டால் தொகுதிக்கு 537 வாக்குகூட வரவில்லை! சுமார் 1,610 பேர் மனம் மாறிக் குத்தியிருந்தால் முடிவே தலைகீழ். வயல் வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்ற ஒரு கிழவியின் ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

ஆகவே, ஆரம்பச் சுற்றில் முந்தியவுடன் எழுந்து வெளியே ஓடுகிற முகவர் நமக்கு உதவ மாட்டார். வாக்குச் சாவடியில் அன்று மாலை வாங்கிய 17-சி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இயந்திரம் காட்டும் மொத்தமும் படிவத்தில் உள்ள மொத்தமும் ஒன்றுதானா என்று கடைசிச் சுற்று வரை நாற்காலியை விட்டு எழாமல் சரிபார்க்கிறவரே நம் தோழர். மகிழ்ச்சிக்குப் பொறுமையும் வேண்டும்.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. வென்றவரின் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகிறது? யார் வாசலில் நின்று பறையும் மேளமும் ஓங்கி ஒலிக்கின்றன? தேர்தல் வெற்றியை ஜாதி வெற்றியாக ஆக்கிவிட்டால், ஓட்டு என்ற ஆயுதம் நம் கையையே அறுத்துவிடும்.

2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். நம் மாவட்டத்துப் பொன்பரப்பியில் என்ன நடந்தது? பானைச் சின்னத்தைச் சுற்றி மூண்ட தகராறில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருந்த வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. ஓட்டுப் போட்ட மை விரலில் காய்வதற்குள், போட்டவனின் ஓடு உடைந்தது. இது வெட்கக்கேடு, மன்னிக்கக் கூடாத கொடுமை. அடித்தவனும் அடிபட்டவனும் சமம் என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். குற்றம் செய்தவன் தண்டனை பெற வேண்டும். இழந்தவனுக்கு வீடும் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும்.

இருந்தாலும் ஒரு கேள்வி. இரண்டு தெருவும் மோதிக்கொண்டதால் கூலியை உயர்த்தித் தர வேண்டிய கட்டாயம் யாருக்காவது வந்ததா? காண்டிராக்டர் ஒருவனாவது பயந்தானா? இல்லை! சுண்ணாம்புக்கல் சுரங்கத்து லாரிகள் வழக்கம்போல் ஓடின. ஆலையின் சங்கு வழக்கம்போல் ஊதியது. ஊர்த் தெருவிலிருந்து வந்த காண்டிராக்ட் கூலியும் காலனித் தெருவிலிருந்து வந்த காண்டிராக்ட் கூலியும் ஒரே வாசலில், ஒரே புழுதியைத் தின்றுகொண்டு நின்றார்கள். கொள்ளிடத்து மணலை அள்ளிக்கொண்டே போனால் ஆற்றோரத்துக் கிணறுகள் ஜாதி பார்த்தா வற்றும்?

எனவே வெற்றி நாளில் நம் தோழருக்குச் சொல்கிறோம்: வெடியை உன் வாசலில் வெடி. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட உன் அண்டைக் கூலிக்காரன் வாசலில் வெடிக்காதே. அவனிடம் மிட்டாயோடு போ. “நீ தோற்கவில்லையப்பா, நீ ஓட்டுப் போட்டவர்தான் தோற்றார். கூலிக்கு நாளைக்கு நாம் சேர்ந்துதான் கேட்க வேண்டும்” என்று சொல். இதைச் சொல்ல வெடி வெடிப்பதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

மூன்றாவது பள்ளம், வெற்றியோடு வீட்டுக்குப் போய்விடுவது. 1952-ல் நம் முன்னோர்கள் பட்டது இந்தப் பாடம்.

அந்த முதல் தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் கண்ட உற்சாகம் சாதாரணமானதா? சிறைக்குள் இருந்தபடியே பி. ராமமூர்த்தி மதுரை வடக்கில் வென்றார். ஆலைத் தொழிலாளர் நிறைந்த வண்ணாரப்பேட்டையில் ப. ஜீவானந்தம் வென்றார். 375 இடங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தவை 62. ஆளுங்கட்சி சிறுபான்மை ஆகிவிட்டது! ஏழைகளின் ராஜ்யம் வாசலுக்கு வந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை, கவர்னர் மேல்சபைக்கு நியமனம் செய்தார். காங்கிரசை எதிர்த்து ஓட்டு வாங்கி வந்த காமன்வீல் கட்சி மந்திரிசபையில் சேர்ந்தது. உழைப்பாளர் என்ற பெயரையே சூட்டிக்கொண்டு 19 இடங்களை வென்ற கட்சி ஆதரவுக் கை நீட்டியது. 1952 ஏப்ரல் 10 அன்று ராஜாஜி முதல் மந்திரி ஆனார். ஜனங்கள் பெட்டியில் போட்டது ஒன்று. கோட்டையில் முளைத்தது இன்னொன்று. ஓட்டுப் போட்டவன் வீட்டுக்குப் போய்விட்டால், அவன் ஓட்டு தனியாக நடந்து வேறு வீட்டுக்குப் போய்விடும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தஞ்சை ஜில்லாவின் குத்தகை விவசாயியும் பண்ணையாளும் வீட்டுக்குப் போகவில்லை. செங்கொடியின் கீழ் பல வருஷங்களாகப் போராடிய அவர்கள், தேர்தலுக்குப் பிறகும் கலையாமல் நின்றார்கள். சட்டசபையில் அவர்களுடைய பிரதிநிதிகள் கேட்டார்கள். வரப்பில் அவர்களே கேட்டார்கள். அதே ராஜாஜி சர்க்கார் 1952 ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. மகசூலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகை விவசாயிக்கு என்று எழுத வேண்டியதாயிற்று. இஷ்டப்படி வெளியேற்றும் மிராசுதாரின் கைக்கு விலங்கு விழுந்தது.

மந்திரி நம்மவர் அல்ல. ஆனாலும் சட்டம் வந்தது. காரணம், ஜனங்கள் கலையவில்லை.

திருமானூர்த் தோழர்கள் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே தஞ்சை இருந்தது. கொள்ளிடத்தின் தென்கரைக்குக் கிடைத்தது அது. வடகரையில் இருந்த திருமானூர் அன்று திருச்சி ஜில்லா. ஒரே ஆற்றுத் தண்ணீர், ஒரே நெல், ஒரே வெயில். சட்டம் மட்டும் அக்கரை! எங்கே சங்கம் பலமாக நின்றதோ அங்கே முதலில் சட்டம் எட்டியது. வாக்குச் சீட்டு மட்டுமே போதுமானால், இரண்டு கரையிலும்தானே வாக்குச் சீட்டு இருந்தது?

வெற்றி நிரந்தரம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். இதே சிதம்பரத்தில் 2009-ல் வென்ற திருமாவளவன் 2014-ல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்றார். 2019-ல் மயிரிழையில் வென்றார். 2024 ஜூன் 4 அன்று 1,03,554 வாக்குகளில் வென்றார். தொகுதி மாறவில்லை, அலை மாறியது. அலை வரும், போகும். கரையில் சங்கம் என்ற கல் இருந்தால்தான் மண் அரிக்காமல் நிற்கும்.

ஆகவே, வெடிச் சத்தம் அடங்கிய மறுநாள் காலையில் செய்ய வேண்டியது என்ன?

ஊர்த் தெருவும் காலனித் தெருவும் சேர்ந்து ஒரு கூட்டம் போடுங்கள். வென்றவர் கொடுத்த வாக்குறுதிகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கூலி எவ்வளவு, வேலை எத்தனை நாள், குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை, காண்டிராக்ட் தொழிலாளியின் நிரந்தரம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அவர் நன்றி சொல்ல வரும்போது மாலையோடு அந்த நோட்டையும் நீட்டுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நோட்டோடு மீண்டும் போங்கள். நிறைவேற்றியதற்குப் பாராட்டுங்கள், நிறைவேற்றாததற்குக் கேளுங்கள். நாம் ஆதரித்தவர் என்பதற்காகக் கேட்காமல் இருப்பது விசுவாசம் அல்ல. அது பழைய பண்ணையடிமைப் பழக்கம். ஆண்டையை மாற்றிக்கொள்வதற்காகவா நம் தாத்தாக்கள் சிறைக்குப் போனார்கள்?

கடைத்தெருவில் கை தட்டிய தோழரே! உம்முடைய மகிழ்ச்சி நியாயமானது. அது உம்முடைய வியர்வையில் விளைந்தது. அதை யாரும் ஏளனம் செய்ய விடாதீர். ஆனால் அறுவடை முடிந்த களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு எந்த விவசாயி தூங்கப் போகிறான்? காவல் காக்கிறான், தூற்றுகிறான், அளக்கிறான், வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறான்.

நெல் களத்துக்கு வந்திருக்கிறது. அளந்து வீடு சேர்க்க எல்லோரும் வாருங்கள்!