உப்புப் பார்க்கும் வேலை

வயது வந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் 'பீட்டா' என்ற சொல் இதற்குள் அடிபட ஆரம்பித்திருக்கும். "அம்மா, புது பீட்டா அப்டேட் வந்திருக்கிறது, ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடாதே!" என்று சொல்லிவிட்டு, நீச்சல்காரர் கண்ணாடி மாதிரி ஒரு பெட்டியை முகத்தில் மாட்டிக்கொண்டு அறைக்குள் போகிறான் பிள்ளையாண்டான். எட்டிப் பார்த்தால் குனிகிறான், நிமிர்கிறான், இல்லாத எதிரியைப் பார்த்து இல்லாத துப்பாக்கியை நீட்டுகிறான். பையன்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களும் உண்டு. சில வீடுகளில் அவர்களைப் பெற்ற தகப்பனாரும் உண்டு!

சகோதரிகளே, இந்த பீட்டா என்பது என்ன? கிரேக்க அரிச்சுவடியில் இரண்டாவது எழுத்து. கம்ப்யூட்டர் சரக்குத் தயாரிக்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே சோதித்துப் பார்ப்பதை ஆல்பா என்பார்கள். வெளியாட்களிடம் கொடுத்துச் சோதிப்பதை பீட்டா என்பார்கள். அடுப்படியில் நாமே உப்புப் பார்ப்பது ஆல்பா. பந்தி போடுமுன் கூடத்தில் இருக்கும் விருந்தாளியின் உள்ளங்கையில் ஒரு கரண்டி ரசத்தை விட்டு, "சரியாக இருக்கிறதா, சொல்லுங்கள்" என்று கேட்பது பீட்டா. ரசம் சுட்டுவிட்டால் சுடுவது விருந்தாளியின் கையைத்தான். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உதாரணத்துக்கு ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் 'இன்டு தி ரேடியஸ்'. செய்தவர்கள் எஸ்டோனியா தேசத்தின் தலைநகரான டாலினில் இருக்கும் 'சிஎம் கேம்ஸ்' என்ற கம்பெனியார். 2019-ல் அரைகுறையாக வெளியிட்டு, ஆடியவர்களின் அபிப்பிராயங்களைக் கேட்டுத் திருத்தி, 2020-ல் முழு ஆட்டமாகக் கொடுத்தார்கள். இரண்டாம் பாகத்தையும் 2024 ஜூலையில் இதே மாதிரி முடிவு பெறாத நிலையிலேயே கடைக்குக் கொண்டு வந்தார்கள். அதில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம்.

மனிதர் இல்லாத ஒரு பாழும் பிரதேசம். அதில் தன்னந்தனியாகப் போய், கிடைக்கும் அபூர்வப் பொருள்களைப் பொறுக்கிக்கொண்டு உயிரோடு திரும்ப வேண்டும். கேட்டால் வெறும் சுடுகிற ஆட்டம் போலத் தோன்றும். ஆனால் சுடுவதைவிட அதில் குடித்தனம்தான் அதிகம்! பசிக்கும், டப்பாவைத் திறந்து சாப்பிட வேண்டும். துப்பாக்கி அழுக்கேறினால் நடுவில் சிக்கிக்கொள்ளும்; கம்பியை உள்ளே விட்டு எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். மாகஸீனில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையால் அடைக்க வேண்டும். (மாகஸீன் என்றால் உங்கள் கையிலிருக்கும் இந்தப் பத்திரிகை அல்ல, துப்பாக்கியில் தோட்டா வைக்கும் கூடு.) முதுகுப் பையை எடுக்க, தோளுக்கு மேலே நிஜமாகவே கையைக் கொண்டுபோக வேண்டும். தன் அலமாரியை ஒரு நாளும் அடுக்காத பிள்ளை அங்கே சாமான்களை வரிசையாக அடுக்கி வைக்கிற அழகைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருக்கும்.

இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஓர் அப்டேட் வருகிறதென்றால், புது இடம், புது ஆயுதம், பழைய கோளாறுக்குப் பரிகாரம் என்று பலதும் அதில் இருக்கும். எல்லாருக்கும் கொடுப்பதற்கு முன்னால், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் பீட்டாவாக விடுகிறார்கள். இதில் தப்பில்லை. கண்ணாடிப் பெட்டிகளில் எத்தனையோ ரகம், கம்ப்யூட்டர்களில் அதைவிட அதிக ரகம். ஒரு சிறிய கம்பெனி அத்தனையையும் வாங்கிவைத்துச் சோதிக்க முடியுமா? வாஸ்தவம்தான். ஆனால், விலையையும் வாங்கிக்கொண்டு உப்பையும் பார்க்கச் சொல்கிறார்களே, அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்!

சாதாரண கம்ப்யூட்டர் ஆட்டத்தில் பீட்டா தடுமாறினால் திரையில் படம் தடுமாறும், அவ்வளவுதான். அலுத்துக்கொண்டு எழுந்துவிடலாம். முகத்தில் மாட்டும் பெட்டியில் அப்படி இல்லை. அங்கே தடுமாறுவது ஆடுகிறவரின் உடம்பு.

அந்தப் பெட்டி இரண்டு கண்களுக்கும் தனித்தனியாகப் படம் காட்டுகிறது. பல பெட்டிகளில் விநாடிக்கு 90 படங்கள். அதாவது ஒவ்வொரு படத்தையும் தயார் செய்யக் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு விநாடியின் 90-ல் ஒரு பங்கு. தலையைத் திருப்பியவுடன் எதிரே இருக்கும் உலகமும் சரியாகத் திரும்பினால்தான் மூளை அதை நம்பும். முழுசாக மெருகேறாத பீட்டாவில் இந்தக் கணக்குத் தவறுவது சகஜம். தலை திரும்பிவிடும், படம் ஒரு கணம் பின்தங்கும். போதாதற்கு, கண் "நான் ஓடுகிறேன்" என்கிறது. உடம்பின் சமநிலையைக் காக்கும் உள்காதோ "நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்" என்கிறது. இரண்டு சாட்சிகளும் இரண்டு விதமாகச் சொன்னால் நீதிபதிக்குத் தலை சுற்றாதா? மலைப்பாதை பஸ்ஸில் வருகிற அதே குமட்டல், அதே குளிர்ந்த வேர்வை.

"பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று பிள்ளைகள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. பழக்கத்தால் பலருக்குக் குறைகிறது. ஆனால் குமட்டலைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது பழக்கம் ஆகாது. முதல் அறிகுறியிலேயே பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். மயக்கம் தெளிவதற்குச் சிலருக்கு நிமிஷங்கள் போதும், சிலருக்கு மணிக்கணக்காகும். ஆடி முடித்த கையோடு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ட்யூஷனுக்குப் புறப்படுகிறானா? விடாதீர்கள்! தலை நன்றாகத் தெளிந்த பிறகு போகட்டும். ட்யூஷனுக்கு நேரமானால் ஆகட்டும்.

இன்னொன்று, நமக்கே நேருவது. "அம்மா, நீயும் மாட்டிப் பாரேன்" என்று ஆசையாகக் கூப்பிடுகிறார்கள். மாட்டிய மாத்திரத்தில் எல்லாம் மங்கலாகத் தெரிந்து தலைவலி வருகிறது. "எனக்கும் இதற்கும் ஒத்துவராது" என்று தீர்மானித்துவிடுகிறோம். குற்றம் நம்முடையது அல்ல. இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறு. 2020-ல் வந்த 'க்வெஸ்ட் 2' என்ற பெட்டியில் இதற்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள் வைத்தார்கள். மகனுக்குப் பொருந்தியிருக்கும் நிலை அம்மாவுக்கு எப்படிப் பொருந்தும்? அதை நமக்குத் தகுந்தபடி மாற்றித் தரச் சொல்லுங்கள். முதல் தடவை உட்கார்ந்துகொண்டு, ஓட்டமில்லாத காட்சி எதையாவது பாருங்கள். பீட்டாவில் மட்டும் தொடங்காதீர்கள்.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடும் இடத்துக்கு எல்லைக்கோடு வரைந்துகொள்ள பெட்டியிலேயே வசதி உண்டு. கோட்டை நெருங்கினால் கண்ணெதிரே வேலி தெரியும். ஆனால் பக்கத்தில் வந்து நிற்கும் குழந்தையை அந்த வேலி காட்டும் என்று நம்பி இருக்காதீர்கள். தோளுக்கு மேலே கையை வீசும் ஆட்டத்தில் தாழ்வான மின்விசிறி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மெட்டா கம்பெனியார் தங்கள் பெட்டிகளுக்கு 13 வயது என்று வைத்திருந்த வரம்பை, பெற்றோர் மேற்பார்வையில் 10 வயதிலிருந்து என்று 2023-ல் தளர்த்தினார்கள். அது பெட்டியைப் பற்றிய விதி. இருட்டில் எதிரி பாய்ந்து வரும் ஆட்டத்துக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

உப்புப் பார்ப்பதென்று தீர்மானித்துவிட்ட பிள்ளை அதையாவது சரியாகச் செய்யட்டும். "சகிக்கவில்லை" என்று எழுதிப்போட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்? எந்த இடத்தில் நின்றான், கையில் என்ன இருந்தது, எதைச் செய்ததும் ஆட்டம் நின்றது, மறுபடி அப்படியே செய்தால் மறுபடியும் நிற்கிறதா, என்ன பெட்டி, என்ன கம்ப்யூட்டர் என்று எழுத வேண்டும். டாக்டரிடம் ஜுரத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி!

கடைசியாக, சேமித்து வைத்த ஆட்டம். வாரக்கணக்காகச் சேர்த்த சாமான்கள், போன தூரம் எல்லாம் ஒரு சிறு கோப்பில் இருக்கின்றன. பீட்டாவில் நுழைந்தால் அது திறக்காமல் போகலாம். பீட்டாவில் சேமித்தது பழைய பதிப்புக்குத் திரும்பும்போது செல்லாமலும் போகலாம். அப்டேட்டோடு வரும் குறிப்பில் இதைப் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் பரீட்சைதான் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம்! ஆகவே பீட்டாவைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டீம் கடையில் வாங்கிய ஆட்டமானால் பீட்டாவிலிருந்து விலகுவதும் சுலபம். ஆட்டத்தின் 'பிராப்பர்டீஸ்' என்ற பகுதியில் 'பீட்டாஸ்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே பீட்டா எதுவும் வேண்டாம் என்று மாற்றிவிட்டால் பழைய பதிப்பு தானே இறங்கிவிடும். பிறகு நகலை அதன் இடத்தில் வைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.