ஊற்றைக் கொண்டுபோனவர்கள் கரையைக் காலி செய்யச் சொல்கிறார்கள்

ஏரி மீட்பு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் மக்களுக்கு அடிவயிறு கலங்கும். முதலில் மீட்பு என்பார்கள், பிறகு நோட்டீஸ் வரும், அதன் பின்னாலேயே ஜேசிபி வரும். இதைச் சொன்னால் சூழலியல் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். "அழிந்துகொண்டிருக்கும் உயிர்களுக்காக யார் பேசுவது?" என்று கேட்கிறார்கள். நாங்களே பேசுகிறோம். அவர்கள் அடிக்கடி படம் போட்டுக் கொஞ்சுகிற ஆக்சலாட்டலைப் பற்றியே பேசுவோம்.

மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ ஏரிதான் அதன் வீடு. செவுள்களை வெளியே விரித்துக்கொண்டு, கடைசிவரை நீரிலேயே வாழும் சாலமாண்டர் இனம். வெட்டுப்பட்ட கால் மறுபடி முளைக்கும் என்பதால் உலகமெங்கும் ஆய்வகத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். சொந்த ஏரியில் கதை வேறு. 1998 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014-இல் 36.

யார் காரணம்? 'கரையோர ஆக்கிரமிப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். குடியிருப்புகளின் கழிவும் அந்த ஏரியில் கலக்கிறது, நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எது முதலில் நடந்தது என்று பாருங்கள். சோச்சிமில்கோ ஊற்று நீரால் நிறைந்த ஏரி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊற்றுகளை மடக்கி நகரத்தின் குடிநீருக்குக் கொண்டுபோனார்கள். நகரம் பெருக, ஆழ்குழாய்க் கிணறுகளும் வந்தன. 1950-களுக்குள் ஊற்றுகள் வற்றி வாய்க்கால்களில் தண்ணீர் இறங்கிவிட்டது. பதிலுக்கு நகரம் என்ன தந்தது தெரியுமா? தன் சாக்கடையைச் சுத்திகரித்து அனுப்பி வைத்தது. நல்ல தண்ணீர் அவர்களுக்கு, கழிவுத் தண்ணீர் இவர்களுக்கு. இந்த ஏற்பாட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதற்கும் பிறகு, உணவு உற்பத்தி என்ற பெயரில் கெண்டையையும் திலேப்பியாவையும் ஏரியில் விட்டார்கள். நம் ஊரில் ஜிலேபி என்கிறோமே, அதே மீன். ஆக்சலாட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அவை தின்றன.

இன்னொன்று. அந்த ஏரி 'மனிதக் கை படாத இயற்கை' அல்ல. ஏரிச் சேற்றை அள்ளி, நாணலும் செடிகொடியும் அடுக்கி, ஓரத்தில் மரம் நட்டு, தண்ணீருக்கு நடுவே விளைநிலம் எழுப்பியவர்கள் அங்குள்ள பூர்வகுடி உழவர்கள். சினாம்பா என்று அதற்குப் பெயர். ஸ்பானியர் வருவதற்கு முன்பே நடந்துவந்த வேலை. அந்தத் துண்டு நிலங்களுக்கு இடையே ஓடும் குறுகிய வாய்க்கால்கள்தான் ஆக்சலாட்டலுக்கு மறைவிடம். சேறு அள்ளும் கை நின்றால் வாய்க்கால் தூர்ந்துபோகும்.

தண்ணீர் தூய்மையாக வேண்டுமென்றால் சில மனிதர்களை விலக்கவேண்டும் என்ற எண்ணத்தை இந்த நாட்டில் சூழலியல் கண்டுபிடிக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாதில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அருந்திய சவுதார் குளமும் மழையும் ஊற்றும் நிரப்பிய குளம்தான். கால்நடைகள் குடித்துக் கெடாத தண்ணீர், நாம் குடித்ததும் தீட்டாகிவிட்டதாம். 108 பானைகளில் சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றித் தங்கள் குளத்தை 'மீட்டார்கள்'.

சோச்சிமில்கோவிலும் அரசு இறங்கி ஒரு மீட்பு நடத்தியது. 1989-இல் சூழல் மீட்புத் திட்டம் என்று சொல்லி, உழவர்களின் கூட்டு நிலத்தில் சுமார் ஆயிரம் ஹெக்டேரைக் கையகப்படுத்த ஆணையிட்டார்கள். உழவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். 1993-இல் சூழல் பூங்கா திறந்தாயிற்று. அதற்குப் பிறகு ஆக்சலாட்டல் என்ன ஆனது என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லும். 2021-இல் 50 பெசோ நோட்டில் அதன் படத்தைப் போட்டார்கள். தண்ணீர் உறிஞ்சுவதை நிறுத்தவில்லை.

பலன் தருகிற வேலை வேறு இடத்தில் நடக்கிறது. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சாம்ப்ரானோ குழு சினாம்பா உழவர்களோடு சேர்ந்தது. வாய்க்காலின் வாயில் கல்லும் நீர்ச்செடிகளும் கொண்ட வடிகட்டி வைத்தார்கள். கெண்டை உள்ளே வராது, தண்ணீரும் தெளியும். உழவர்கள் பூச்சிமருந்தை விட்டார்கள். தொட்டியில் வளர்ந்த 18 ஆக்சலாட்டல்களை இப்படிப்பட்ட வாய்க்காலிலும், பழைய கல்குவாரி ஒன்றில் ஊற்றெடுத்து உருவான குளத்திலும் விட்டுக் கண்காணித்தார்கள். திரும்பப் பிடித்துப் பார்த்தவை எடை கூடியிருந்தன என்று 2025-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. யாரையும் காலி செய்யாமல் நடந்த வேலை இது.

இங்கே என்ன நடந்தது? 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றை மீட்கிறோம் என்று கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பெரும்பாலோர் தலித்துகள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்! 2022-இல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் வந்தது. மகிழ்ச்சி. நாளை அந்தச் சதுப்பையும் மீட்கப் புறப்பட்டால் முதலில் யாரை அகற்றுவார்கள்? சதுப்பைத் தின்று எழுந்த ஐ.டி. வளாகங்களையா, அடுக்குமாடிகளையா?

எந்த மீட்புத் திட்டமானாலும் முதல் பக்கத்தில் எழுதட்டும்: தண்ணீரை எடுத்தது யார், கழிவை விட்டது யார், எவ்வளவு தண்ணீரை எப்போது திருப்பித் தருவார்கள் என்று. கரையில் வாழ்பவருக்குப் பட்டா வேண்டும். ஏரியைப் பராமரிக்கும் வேலை நிரந்தர வேலையாக, முறையான ஊதியத்தோடு வரவேண்டும். சேறு அள்ளுவதை இன்னொரு சாதித் தொழிலாக்கி நம் தலையில் கட்டுவதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம்.

கரையோரப் பகுதிகளில் கணக்கெடுப்பு என்று யாராவது வந்தால், எழுத்துப்பூர்வமான ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு நகலைக் கொடுக்கும் முன், கைரேகை வைக்கும் முன், எங்களைக் கூப்பிடுங்கள்.