வாரம் மூன்று நாள் ஆபீஸ்... குழந்தைக்கு முன்பா, பின்பா?



'வீட்டில் இருந்தபடியே சம்பாதிப்பவள் கொடுத்து வைத்தவள்' என்று இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததிலிருந்து அந்தக் 'கொடுத்து வைத்த' வேலையைத்தான் நான் பார்த்துக் கொண்டிருக்கிறேன். அதில் ஒரு சிக்கல். என்னைப் போல யோசித்துக் கொண்டிருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு வயது 31. கல்யாணமாகி நாலு வருஷம். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் மாமனார், மாமியாருடன் கூட்டுக் குடும்பம். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளி ரெக்கார்டுகளைப் படித்து, இன்ன வியாதி, இன்ன சிகிச்சை என்று இன்சூரன்ஸ்காரர்களுக்குப் புரியும்படி நம்பர் போடும் வேலை. 'மெடிக்கல் கோடிங்' என்பார்கள். ஆபீஸ் பெருங்குடியில்.

இப்போது கம்பெனியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். வீட்டிலேயே இருந்தால் இதே பதவி, இதே சம்பளம். வாரம் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு என்று மாறினால் (இதற்கு 'ஹைபிரிட்' என்று பெயர்) டீம் லீடர் பதவி, கூடுதல் சம்பளம். நாங்களோ குழந்தைக்காகக் காத்திருக்கிறோம்.

வீட்டில் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "புள்ள பெத்துக்கப் போற நேரத்துல எதுக்கும்மா அலைச்சல்? வூட்லயே இரு" என்கிறார் அத்தை. அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். காரணம் இருக்கிறது. போன வருஷம் பத்தாவது வாரத்தில் ஒரு கரு கலைந்து போனது. அதிலிருந்து பஸ், ரயில் என்ற பேச்சை எடுத்தாலே இரண்டு பேருக்கும் முகம் மாறிவிடும்.

ஆனால் சகோதரிகளே, அது கலைந்தபோது நான் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. வீட்டில், இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறால் நடப்பவை, நீங்கள் நடந்ததாலோ உட்கார்ந்ததாலோ அல்ல என்று டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். அத்தை தலையாட்டிக் கேட்டுக் கொண்டார். வெளியே வந்ததும், "இருந்தாலும் மாடிப்படி ஏறினியே" என்றார்! அவரைக் குறை சொல்லி என்ன பயன்? துக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்தால் கொஞ்சம் ஆறுதல்.

என்னைச் சுட்டது வேறு. கருச்சிதைவுக்கும் சட்டப்படி ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து எடுத்தேன். (இது பலருக்குத் தெரியவில்லை, தெரிந்து கொள்ளுங்கள்.) இரண்டாவது வாரமே ஆபீஸிலிருந்து போன். "வீட்டில்தானே இருக்கீங்க, ஒரே ஒரு ஃபைல் பார்த்துக் கொடுத்துடுங்க." அதே வாரம் பக்கத்து வீட்டு அக்கா, "வூட்லதானே இருக்கே, கேஸ் சிலிண்டர் வந்தா கொஞ்சம் வாங்கி வையேன்" என்றார். வீட்டிலிருந்து வேலை செய்பவளை வேலை செய்பவளாகவும் யாரும் மதிப்பதில்லை, ஓய்வெடுப்பவளாகவும் விடுவதில்லை. ஆபீஸ் போகிற என் கணவர் சளி பிடித்து லீவு போட்டால் வீடே அடங்கிப் போகிறது.

சரி, பயணம் எப்படி? எங்கள் பகுதியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டால் பஸ் அப்படியே நிற்கும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. அடுத்த வருஷம் தேரடி ஸ்டேஷனையும் திறந்தார்கள். அதனால்தான் இந்தப் பேச்சையே யோசிக்க முடிகிறது. தேரடியில் ஏறினால் கிண்டி வரை ஒரே ரயில், உட்கார இடமும் கிடைக்கும். அங்கிருந்து பஸ். எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். வாந்தியும் மயக்கமுமாக இருக்கும் மாதங்களில் இது கஷ்டம்தான், மறுக்கவில்லை.

'வீட்டில் இருந்தால் நல்ல காற்றாவது கிடைக்கும்' என்று சொல்பவர்கள் எங்கள் பக்கம் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூக்கத்திலிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்களே... அந்தக் கூட்டத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் இருந்திருப்பார்கள்தானே? அவர்களும் வீட்டில்தான் இருந்தார்கள்.

உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 2017இல் பிரசவ விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்குத்தான் அது, மூன்றாவதுக்குப் பழையபடி 12. 1961ஆம் வருஷச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. இந்தக் கணக்குகள் மாறவில்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடம் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஆகவே 'வீட்டு வேலை தரும் வேறு கம்பெனிக்குத் தாவிவிடேன்' என்று யோசனை சொல்பவர்கள் கவனிக்க: அங்கே எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஒரே கம்பெனிக்குள் மாறினால் அந்தப் பயம் இல்லை.

இன்னொன்று. லீவில் கிடைக்கும் பணம், லீவுக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பதவி உயர்வு முன்னாலேயே வந்துவிட்டால் அந்த ஆறு மாதமும் கூடுதல் சம்பளம்தான் வரும். 'குழந்தை பிறந்த பிறகு பதவியைப் பார்த்துக்கலாம்' என்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் தினம் நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்றும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் பெருங்குடியில் காப்பகம் இருந்து திருவொற்றியூர்காரிக்கு என்ன லாபம்? கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலை நெரிசலில் கிண்டியில் பஸ் ஏற முடியுமா? அதற்கு, புது வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ராயபுரத்தில் இருக்கும் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவேன். அம்மா இப்போதே தயார்!

எல்லாவற்றையும் விட முக்கியமானது, லீவு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றிச் சட்டம் சொல்வது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைப்படி முதலாளி அனுமதிக்கலாம். 'அனுமதிக்க வேண்டும்' இல்லை, 'அனுமதிக்கலாம்'. அந்த 'லாம்'தான் எனக்குப் பயம். இன்று என் நியமனக் கடிதத்தில் 'வீட்டிலிருந்து' என்று தெளிவாக இருக்கிறது. ஹைபிரிட் என்று கையெழுத்துப் போட்டால் அது போய்விடும். 2023 அக்டோபரில் டி.சி.எஸ். மாதிரிப் பெரிய கம்பெனியே வாரம் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வரச் சொன்னது. இன்றைய மூன்று நாள் நாளைக்கு ஐந்து நாளாகாது என்று யார் சொல்ல முடியும்?

காசிமேட்டில் மீன் விற்ற என் பெரியம்மா ஒன்பதாம் மாதம் வரை கூடை சுமந்தவர். "உனக்கென்னடி, ஏ.சி. ரயில்ல உக்காந்துகினு போறதுக்கு இவ்ளோ யோசனை" என்று சிரிக்கிறார். அவருக்கு லீவு கொடுக்க ஆளில்லை, அதனால் சுமந்தார். அதை எனக்கு அளவுகோலாக்க மாட்டேன் என்று அவரிடமே சொன்னேன்.

என் முடிவு இதுதான். ஹைபிரிட்டுக்குப் போகலாம், அதுவும் குழந்தைக்கு முன்பே போகலாம். ஆனால் இரண்டு வரி எழுத்தில் வேண்டும். கர்ப்பம் உறுதியானால் டாக்டர் சொல்லும் வாரங்களில் வீட்டிலிருந்து வேலை. 26 வாரம் முடிந்ததும் ஒரு வருஷம் வீட்டிலிருந்து வேலை, பதவி குறையாமல். மனிதவளப் பிரிவுக்கு மெயில் அனுப்பினேன். "அதெல்லாம் மேனேஜர் பார்த்துப்பார்" என்று பதில் வந்தது. 2020இலிருந்து நாலு மேனேஜர் மாறிவிட்டார்கள். அதையே எழுதி, மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.

இந்த மாதக் கடைசி வரை அவகாசம். கடிதம் வந்தால் அடுத்த திங்கள் தேரடியில் ரயில் ஏறுவேன். வராவிட்டால் பழைய கடிதமே இருக்கட்டும், டீம் லீடர் பதவி வேறு யாருக்காவது போகட்டும். இப்படி எழுத்தில் வாங்கிய சகோதரிகள் யாராவது இருந்தால், என்ன வாசகத்தில் கேட்டீர்கள், கம்பெனி எப்படி ஒத்துக்கொண்டது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, திருவொற்றியூர்