சிங்கத்துக்கு முன்பணம்

அனுமந்தன்பட்டியில் என் அக்காள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவள் மகன் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். திராட்சைத் தோட்டக்காரன், இரண்டு வருஷமாக விலை அவனை ஏமாற்றவில்லை. கையில் நாலு காசு சேர்ந்தால் நம் ஜனங்கள் வீட்டுக்கு மாடி எழுப்புவார்கள், இல்லாவிட்டால் பெண்டாட்டிக்கு நகை செய்து போடுவார்கள். இவன் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கம் பார்க்கப் போகிறானாம். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு விவசாயிக்குத் தோன்றினால் அது நல்ல காரியம்தானே? காகிதத்தைப் படித்த பிறகுதான் அந்தச் சந்தோஷம் இறங்கியது.

போகிற இடம் உகாண்டா தேசத்தின் வடகிழக்கு மூலையில், தெற்கு சூடான் எல்லையோரம் இருக்கும் கிடெப்போ பள்ளத்தாக்கு. 1962-இல் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. 1,442 சதுர கிலோமீட்டர் பரப்பு. தலைநகரான கம்பாலாவிலிருந்து குலு, கிட்கும் என்ற ஊர்களைத் தாண்டி ஒரு பகல் முழுவதும் வண்டியில் குலுங்க வேண்டும். பணம் இருந்தால் சின்ன விமானத்தில் போய் இறங்கலாம். மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசியைப் பத்து நாளாவது முன்னால் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்வது, மலேரியா மாத்திரை, விசா, எல்லாம் சரியாகவே குறித்திருந்தான். அதன் கீழே கிடந்தது விபரீதம்.

முதல் நாள் மாலை, யானை, எருமை. இரண்டாம் நாள் காலை, சிங்கம். மாலை, சிறுத்தை. மூன்றாம் நாள் காலை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி. பத்து மணிக்குப் புறப்பாடு.

“ஏண்டா, சிங்கத்துக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்களா?” என்று கேட்டேன்.

“நிச்சயம் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க மாமா. அதுக்குத்தானே முன்பணம் கட்டியிருக்கேன்.”

அந்த ‘நிச்சயம்’ என்ற ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

காட்டு மிருகத்தை நிச்சயம் காட்டுகிறேன் என்று ஒருவன் பணம் வாங்கினால், அவன் சிங்கத்தின் காலத்தை விற்கிறான், அது அவனுடையதல்ல. விற்றதைக் கொடுத்துத் தீர வேண்டிய கட்டாயம் கடைசியில் வண்டி ஓட்டுகிறவன் தலையில் விழுகிறது. அவன் கூலியும் இனாமும் உங்கள் முகத்தில் தோன்றும் திருப்தியைப் பொறுத்தவை. ஆகவே பாதையை விட்டு இறங்குகிறான், இன்னும் நெருங்குகிறான், ஒரு வண்டிக்காரன் கண்டதை மற்றவனுக்குச் சொல்ல, பத்து வண்டி சூழ்ந்துகொள்கிறது. கென்யாவிலுள்ள மசாய் மாரா காட்டில் சிவிங்கிகளை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வண்டிகள் குறைவாக வரும் பகுதியில் ஒரு தாய்ச் சிவிங்கி சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் மொய்க்கும் பகுதியில் 0.2 குட்டி! பார்க்கப் போனவர்கள் யாரும் துப்பாக்கி கொண்டுபோகவில்லை. வேடிக்கைதான் பார்த்தார்கள்.

இதைப் படித்ததும் நம் தேசாபிமானிகள் துள்ளி எழுவார்கள் என்று எனக்குத் தெரியும். “அதற்குத்தான் சொல்கிறோம், ஆப்பிரிக்கா எதற்கு? கூப்பிடு தூரத்தில் தேக்கடி இல்லையா?” என்பார்கள். இருக்கிறது. நம் வயல்களுக்குத் தண்ணீர் தரும் பெரியாற்று அணை 1895-இல் எழுந்தது. அது தேக்கிய ஏரியைச் சுற்றியுள்ள காடு 1934-இல் திருவிதாங்கூர் அரசின் சரணாலயமாயிற்று. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. ஆனால் தூரம் குறைந்தால் ஆசையும் நல்ல ஆசையாகிவிடுமா? 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி அந்த ஏரியில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கரையில் மிருகங்களைக் கண்டு எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்து போனதும் ஒரு காரணம் என்று அன்று சொன்னார்கள். படகிலும் குறை இருந்தது, மேற்பார்வையிலும் குறை இருந்தது. அதற்கு உரியவர்கள் பதில் சொல்லட்டும். ஆனால் ஒரு பக்கமாக ஓடுகிற அந்தக் கால்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

தெரியாது என்கிறவர்கள் 2023-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மூணாறுப் பக்கம் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை, மே 27-ஆம் தேதி காலையில் கம்பம் நகரத்துக்குள்ளே வந்துவிட்டது. அரிசியைத் தேடிக் கடையையும் வீட்டையும் உடைத்ததால் வந்த பெயர் அது. வழி தவறிய பிராணி, கழுத்தில் ரேடியோப் பட்டையோடு தெருவில் நிற்கிறது. நாம் என்ன செய்தோம்? பின்னாலேயே ஓடினோம். மொட்டை மாடிகளில் ஏறினோம். ஒருவர் டிரோனை அதன் பக்கம் பறக்கவிட்டு அதை மேலும் மிரட்டினார். 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. அது யானைக்குப் போட்ட உத்தரவல்ல, நமக்குப் போட்டது. யானை தள்ளியதில் காயம்பட்ட ஒருவர் மூன்று நாளில் இறந்துபோனார். ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு யானையைப் பிடித்துத் தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று எங்கள் ஊரிலிருந்தும் பையன்கள் மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். என் அக்காள் மகனும் போனான். அவன் எடுத்த படம் இன்னும் அவன் செல்போனில் இருக்கிறது. அதை வாங்கிப் பத்துப் பேருக்கு அனுப்பியவன் நான். ஆகையால் உயர்ந்த பீடத்தில் ஏறி நின்று பேச எனக்கு யோக்கியதை இல்லை. கூட்டத்தில் ஒருவனாகவே பேசுகிறேன்.

காகிதத்தில் இன்னொரு குறையும் இருந்தது. மூன்று நாளும் மிருகங்களின் பெயர். மனிதர் பெயரே இல்லை. கிடெப்போ என்ன, யாரும் இல்லாத வனாந்தரமா? அங்கே வேட்டையாடியும் தேனும் கிழங்கும் சேகரித்தும் வாழ்ந்த இக் என்ற சிறு கூட்டத்தார், காடு காப்பிடமானபோது அதிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1960-களில் மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது. அந்தச் சமயத்தில் அங்கே தங்கிய காலின் டர்ன்புல் என்ற ஆராய்ச்சியாளர், பெற்ற பிள்ளையிடத்தும் அன்பில்லாத ஜனங்கள் இவர்கள் என்று 1972-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பசியில் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு அதுவே அவர்கள் சுபாவம் என்று எழுதினார்! பின்னால் அங்கே போன ஆராய்ச்சியாளர்கள் அதை மறுத்தார்கள். ஆனால் புத்தகம் உலகமெல்லாம் சுற்றிவிட்டது. நாமும் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்து ஒரு தேசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வோம்.

இது தூரதேசத்துக் கதையென்று எண்ண வேண்டாம். பெரியாற்றுக் காட்டுக்குள் வாழ்ந்த மன்னான்களும் பளியர்களும் குமுளிப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள்தாம். தேக்கடிக்குப் போகிற நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அதே தேக்கடியில் நல்ல காரியமும் நடந்தது. காட்டு இலவங்கப் பட்டையை உரித்துக் கடத்திக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தார்மேல் இருந்த வழக்குகளைத் தீர்த்துவைத்து, 1990-களின் கடைசியில் அவர்களையே காவலுக்கும் வழிகாட்டவும் வைத்தார்கள். காட்டை அவர்களைவிட அறிந்தவர் யார்? அவர்களோடு நடந்து போனால் புலியைக் காண்பது அபூர்வம். ஆனால் புலி நகம் தீட்டிய மரத்தைக் காட்டுவார்கள். சாணத்தைப் பார்த்து யானை போன நேரத்தைச் சொல்வார்கள். நாம் கொடுக்கும் கட்டணம் காட்டை வெட்டிய கைகளைக் காட்டைக் காக்கும் கைகளாக வைத்திருக்கிறது. காசு கொடுத்தவன் எதையாவது பார்க்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். காசுக்கு வாங்கக்கூடியது வழிகாட்டியின் அறிவும் உங்கள் சொந்தப் பொழுதும். மிருகம் எதிர்ப்பட்டால் அது கொசுறு.

ஆகவே நான் மருமகனைப் போகாதே என்று சொல்லவில்லை. யாருமே போகாவிட்டால், அத்தனை தூரத்துக் காட்டைக் காப்பவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? பென்சிலை எடுத்துக் காகிதத்தைத் திருத்தினேன். பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதத்தைக் குறித்திருந்தான். அது அங்கே மழைக்காலம், புல் உயர்ந்து மிருகத்தை மறைக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போகச் சொன்னேன். அப்போது கிடெப்போ ஆறு வெறும் மணலாகிவிடும். நருஸ் பள்ளத்தாக்கில் மிஞ்சிய தண்ணீரைத் தேடி மிருகங்கள் தாமாகவே வரும். துரத்த வேண்டாம், காத்திருந்தால் போதும். இரண்டு ராத்திரியை ஐந்தாக்கினேன். ஒரு நாளை அந்த மலைக் கிராமத்தாருக்கு ஒதுக்கினேன். அவர்களில் ஒருவரே வழிகாட்டியாக வந்தால்தான் போவது, அவர்கள் வேண்டாம் என்றால் திரும்புவது என்றும் எழுதினேன். சிங்கம், சிறுத்தை என்று மணிக்கணக்குப் போட்ட வரிகளை அடித்துவிட்டேன்.

“பிரயாணம் ஏற்பாடு செய்கிறவனுக்கு எழுது. சிங்கம் அகப்படாவிட்டால் குறை சொல்ல மாட்டேன், வண்டியைப் பாதையை விட்டு இறக்கினால்தான் குறை சொல்வேன் என்று எழுது” என்றேன்.

அவன் காகிதத்தை மடித்தான். அவன் முகத்தில் திருப்தி இல்லை.

“அஞ்சு நாளும் ஒண்ணுமே காணலைன்னா, ஊருல கேக்கிறவங்களுக்கு என்ன மாமா சொல்றது?”

உள்ளேயிருந்து அக்காள் குரல் கொடுத்தாள்: “சிங்கம் நல்லாயிருக்குன்னு சொல்லு.”