வாயைத் திறந்து பார்த்தவர் யார்?

மலையகத் தொழிலாளியின் நோய்க்கெல்லாம் காரணம் கூற ஒரு சொல் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கின்றது. 'அறியாமை' என்பதே அச்சொல். வாய்ப் புற்றுநோய் பற்றிய பேச்சிலும் அதுவே முன்வந்து நிற்கின்றது. தோட்டத்து மக்கள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று ஓயாது மெல்லுகின்றனர், சொன்னாலும் கேளார், நோய் முற்றிய பின்னரே வருகின்றனர் என்பது குற்றச்சாட்டு.

இதன் முற்பகுதி பொய்யன்று. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே நிறுவியுள்ளது. எனினும் விடியற்குளிரில் பெரட்டுக்குச் செல்பவளுக்குப் பசியையும் குளிரையும் சற்று மறக்கச் செய்வது அந்த வெற்றிலையே என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

பிற்பகுதியே ஆராயத்தக்கது. அதற்கு முன்னர் அவர்கள் வைத்தியரிடம் வராதிருந்தனரா? காய்ச்சலுக்கும், குளவிக் கொட்டுக்கும், பிள்ளைப்பேற்றுக்கும் தோட்ட மருந்துச்சாலையின் படியை மிதித்தவர்கள்தாமே! பல்வலி பொறுக்காது ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ சென்று பல்லைக் கழற்றுவித்தும் வந்தனர். அத்தனை முறையும் நாக்கை நீட்டச் சொன்னவர் இருந்திருப்பார். நாக்கின் ஓரங்களையும், அதன் அடியையும், கன்னத்தின் உட்புறத்தையும் வெளிச்சத்திலே நோக்கியவர் எத்தனை பேர்? வெள்ளைப் படலமும் சிவப்புத் திட்டும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றை முறையிட எந்த நோயாளியும் வரமாட்டார். ஆகவே தேடிக் காணும் கடமை வைத்தியரையும் பல் வைத்தியரையுமே சாரும். காரம் தாங்கவில்லை, வாய் முன்போல் அகலத் திறக்கவில்லை என்பவருக்கு விற்றமின் மாத்திரை கொடுத்தனுப்புவது வைத்தியமன்று.

நேரமில்லை என்பர். இரண்டொரு நிமிடமும் ஒரு டோர்ச் விளக்கும் போதும். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியான இலங்கை ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற 34 ஆரம்ப சுகாதார ஊழியர்கள் ஓராண்டிலே 28,000க்கு மேற்பட்ட கிராமத்தவரின் வாயைப் பரிசோதித்து, ஐயத்துக்குரியோரை இனங்கண்டனர். அவர்கள் வைத்தியரல்லர் என்பது கவனிக்கத்தக்கது. திருவனந்தபுரத்தில் நடத்தப்பட்டு 2005இல் முடிவுகள் வெளியான ஆய்வோ, இத்தகைய பரிசோதனையால் புகையிலை, மது பழகியோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்ததைக் காட்டிற்று.

இலங்கை ஆய்விலே மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் செல்லவில்லை. இதனையும் அறியாமைக் கணக்கில் எழுத விரைவோர், ஒரு நாட்பேரை இழந்து, பஸ் மாறி மாறிப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குச் செல்லும் செலவைத் தோட்டத்து லயத்திலிருந்து கணக்கிட்டுப் பார்க்கட்டும். இந்நாட்டின் பல் வைத்தியர்களை நெடுங்காலம் தனித்து உருவாக்கிய பீடம் அதே பேராதனையிலே, தேயிலை மலைகளின் அடிவாரத்திலேயே இருக்கின்றது. தோட்ட மருந்துச்சாலைப் பதிவேட்டில் 'வாய் பார்க்கப்பட்டது' என்று ஒரு நிரல் கீறுவதற்கு இன்னும் எந்த ஆராய்ச்சிக்காகக் காத்திருக்கின்றனர்?