டப்பா, ஷவரா... வாளி என்ன பாவம் பண்ணுச்சு?

தை மாசம் புதுக்கோட்டை போயிருந்தேன். மனைவியின் தம்பி வீடு. இருபது வருஷம் சிங்கப்பூரில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். பழைய பாத்ரூமை இடித்துப் போட்டுவிட்டு, செங்கல் குப்பைக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டார்: “மச்சான், டப் வைக்கலாமா, ஷவர் வைக்கலாமா? நீங்கதான் சொல்லணும்.”

பக்கத்தில் இன்ஜினீயர் பையன் கையில் வழவழ கேட்லாக். அதில் நுரைக்குள் ஒரு வெள்ளைக்கார அம்மா சிரிக்கிறார்.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஐந்தொகை போடுவது. போட்டேன். ஐந்தடி டப்பில் உடம்பு முங்கத் தண்ணீர் பிடித்தால் 150 லிட்டருக்குக் குறையாது. சாதாரண ஷவரில் நிமிஷத்துக்கு 10 லிட்டர் கொட்டும். பாட்டுப் பாடிக்கொண்டே பத்து நிமிஷம் நின்றால் 100. வாளியில் தலைக்குக் குளித்தாலும் 40-ஐத் தாண்டாது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்த அளவு 55 லிட்டர். குடிக்க, சமைக்க, துவைக்க, கழுவ, குளிக்க... எல்லாம் அதற்குள். மாப்ளே ஒரு தடவை டப்பில் படுத்து எழுந்தால், கிட்டத்தட்ட மூணு பேரின் ஒரு நாள் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது.

“நான் யார் தண்ணியையும் திருடல மச்சான். சொந்த போர். சொந்த மோட்டார். கரன்ட் பில்லும் நான்தான் கட்டுறேன்.”

இந்த வசனத்தைத்தான் சார் தமிழ்நாடு முழுக்கக் கேட்கிறேன். போர் சொந்தம், சரி. அடியில் இருக்கிற தண்ணீர்? காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொல்கிறேன். மழை என்பது வருமானம், நிலத்தடி நீர் என்பது மூலதனம். லாபத்திலிருந்துதான் டிவிடெண்ட் கொடுக்கலாம். மூலதனத்தை எடுத்துப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கிற கம்பெனியைச் சட்டம் சும்மா விடாது. நாம் தெருத் தெருவாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் போய்க் கேளுங்கள், ஒரு தலைமுறைக்கு முன்னால் கிணற்றில் எட்டிப் பார்த்தால் தெரிந்த தண்ணீர் இப்போது எத்தனை நூறு அடிக்குக் கீழே கிடக்கிறது என்று. ஆயிரக்கணக்கில் கண்மாய் வைத்திருந்த மாவட்டம் இது. இன்று குடிதண்ணீருக்குத் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து குழாய் வர வேண்டியிருக்கிறது.

மாப்ளே லேசுப்பட்டவர் இல்லை. “மாவட்டம் பூரா தைல மரத்தை நட்டு வச்சு உறிஞ்சவிட்டது அரசாங்கம். அதை எழுத மாட்டீங்க. என் பாத்ரூமுக்கு வந்துட்டீங்க!”

நியாயமான குத்து. தைல மரக் காடுகளுக்கு எதிராக இந்த மாவட்டத்து விவசாயிகள் எத்தனையோ தடவை குரல் கொடுத்துவிட்டார்கள். வரத்து ஓடைகளை மறித்து வரப்புப் போட்டால் கண்மாய்க்கு எங்கிருந்து தண்ணீர் வரும்? அதையும் எழுதத்தான் போகிறேன். ஆனால், பக்கத்து வீட்டுக்காரர் நகையை அடகு வைக்கிறார் என்பதற்காக நம் வீட்டு நகையை நாம் விற்க வேண்டியதில்லையே.

இந்த இடத்தில் ஒரு கோஷ்டி கிளம்பும். ‘அந்தக் காலத்துல குளத்துல முங்கிக் குளிச்சோம், ஆஹா!’ என்று. திவான் சேஷையா சாஸ்திரி சீரமைத்த குளங்கள் உள்ள ஊர்தான், பெருமைதான். ஆனால் ஈரப் புடவையோடு படித்துறையில் கூனிக் குறுகி நின்ற பெண்களைக் கேட்டால் அந்த ‘ஆஹா’ வராது. எந்தத் துறையில் எந்தச் சாதி இறங்கலாம் என்று ஒரு எழுதாத சட்டம் இருந்ததையும் மறந்துவிடுகிறார்கள். இருந்தது என்ன, 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்கள். எனவே தயவுசெய்து என்னைக் குளத்துப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள். தாழ்ப்பாள் போட்ட ஒரு அறையில் நிம்மதியாகக் குளிப்பது ஒவ்வொரு பெண்ணின் உரிமை. அந்த அறையையே நான் எதிர்க்கவில்லை. அதற்குள் வாங்கிப் போடுகிற படகைத்தான் எதிர்க்கிறேன்.

“மாப்ளே, சிங்கப்பூர்ல நீங்க இருந்த இடத்துல டப் இருந்துச்சா?”

“இல்ல மச்சான். ஷவர்தான். அதுக்கும் காலைல வரிசை.”

பணக்கார நாடு. ஆனாலும் மலேசியாவிடம் தண்ணீர் வாங்குகிற நாடு. கழிவுநீரைச் சுத்தம் பண்ணி ‘நியூவாட்டர்’ என்று பெயர் வைத்து 2003-லிருந்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். அங்கே இருபது வருஷம் இருந்தவர் கற்றுக்கொண்டு வந்திருக்க வேண்டியது இதை. கேட்லாக்கை அல்ல.

கடைசியாக ஒன்று சொன்னேன். அத்தைக்கு எழுபத்து நாலு வயசு, முழங்கால் வலி. ஒன்றரை அடி உயர டப் விளிம்பைத் தாண்டி, சோப்புத் தண்ணீரில் கால் வைத்து அவர் இறங்க வேண்டும். வழுக்கினால் இடுப்பு எலும்பு. அந்தக் காசுக்கு வழுக்காத டைல்ஸ், சுவரில் ஒரு கைப்பிடி, உட்கார ஒரு ஸ்டூல், கையில் பிடித்து ஊற்ற ஒரு குழாய் ஷவர், அத்தனையும் போட்டு மிச்சமும் பிடிக்கலாம். “மாப்பிள்ளை சொல்றது சரிதான்டா” என்றார் அத்தை, அடுப்படியிலிருந்து.

யார் கேட்டது? போன வாரம் மறுபடி போனேன். வெள்ளை வெளேரென்று டப் உட்கார்ந்திருந்தது. நிறையத் தண்ணீர். போர் நூலாகத்தான் ஊத்துகிறதாம், மாநகராட்சித் தண்ணீர் தினமும் வருவதில்லையாம், அதனால் வரும்போது பிடித்து வைத்திருக்கிறார்கள். அத்தை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அதிலிருந்து சொம்பில் மோந்து ஊற்றிக்கொள்கிறார்.

அன்றைக்குப் பார்த்து டெங்கு கொசுப்புழு பார்க்கிற அம்மா வந்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இப்படித் திறந்து போடக் கூடாதுங்க, மூடி வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். டப்புக்கு மூடி எங்கே விற்கிறது என்று மாப்ளே கீழ ராஜ வீதி முழுக்க விசாரித்துக்கொண்டிருக்கிறார்.