இடைக்கால உத்தரவும் ஏழைக் குழந்தையும்

புருஷனும் பெண்சாதியும் பிரிந்து கோர்ட்டுக்குப் போனால், வழக்கு முடியும் வரைக்கும் என்று ஓர் இடைக்கால உத்தரவு போடப்படுகிறது. குழந்தை யாரிடம் இருப்பது, மற்றவர் எந்தக் கிழமையில் எத்தனை மணி நேரம் பார்ப்பது, செலவுக்கு மாதம் எவ்வளவு தருவது என்பதெல்லாம் அதில் அடங்கும்.

ஆனால் வழக்கு எப்போது முடிகிறது? வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வருஷங்கள் ஓடுகின்றன. இடுப்பில் வந்த குழந்தை, தீர்ப்பு நாளில் பள்ளிக்கூடப் பையோடு நிற்கிறது. கோர்ட்டுக்கு அது இடைக்காலம். குழந்தைக்கோ அதுதான் பிள்ளைப் பிராயம் முழுவதும். ஆகவே இதைச் சில்லறை விஷயமாக நாம் கருத முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1890ம் வருஷத்துக் காப்பாளர் சட்டமும், 1955ம் வருஷத்து இந்து திருமணச் சட்டமும் இத்தகைய உத்தரவு போட அதிகாரம் தருகின்றன. 1956ம் வருஷத்துச் சட்டப்படி, ஐந்து வயது நிரம்பாத இந்துக் குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலானது குழந்தையின் நலன். பணம் அதிகமுள்ளவருக்கே குழந்தை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இந்து திருமண வழக்குகளில், பிள்ளையின் சாப்பாட்டுச் செலவு, படிப்புச் செலவுக்கான மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்று 2001ல் திருத்தமும் வந்தது.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நடப்பில்? தகப்பனுக்குப் பஞ்சாலையில் இரவு ஷிப்டு. தாய்க்கு நடவும் களையெடுப்பும். சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கோர்ட்டு வளாகத்தில் பிள்ளையைக் காட்ட வேண்டும் என்று உத்தரவானால் என்ன ஆகும்? அவருக்குத் தூக்கம் போகிறது. அவளுக்கு அன்றைய கூலி போகிறது. பஸ் தவறினால், உத்தரவை மீறியதாக எதிர்மனு வருகிறது. 1984ம் வருஷத்துச் சட்டப்படி, 10 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரங்களில்தான் குடும்ப நீதிமன்றம் கட்டாயம். கிராமத்து உழைப்பாளி ஊர்விட்டு ஊர் அலைய வேண்டியதுதான்!

நாம் கேட்பது இதுதான்: குழந்தை சம்பந்தமான இடைக்கால மனுக்களை முதலில் எடுத்து, வாரக்கணக்கில் முடிக்க வேண்டும். சந்திப்பு நாளை ஷிப்டையும் வேலைப் பருவத்தையும் கேட்டறிந்து, பிள்ளையின் வீட்டுக்கு அருகே வைக்க வேண்டும். தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரம் குடும்ப நீதிமன்றத்துக்கு உண்டே! வாய்தா நாளுக்கு ஆலை நிர்வாகங்கள் சம்பளத்தோடு லீவு தர வேண்டும்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமலிருப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். இரண்டிலும் பட்டினி கிடப்பது குழந்தைதான். அடி உதை இருந்த வீடு என்றால் நிலைமை வேறு. 2005ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, மாஜிஸ்திரேட்டே குழந்தையைத் தாற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். பிள்ளைக்குத் தீங்கு வருமென்றால் சந்திப்பையே மறுக்கலாம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 1987ம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. தாலுகா கோர்ட்டிலுள்ள சட்டப்பணிக் குழுவில் மனுக் கொடுங்கள். போட்ட உத்தரவு கல்லில் வெட்டியதுமல்ல. நிலைமை மாறினால் மாற்றக் கோரலாம். ஷிப்டு மாறினால், வேலை போனால், பிள்ளை பள்ளியில் சேர்ந்தால், உடனே கோர்ட்டில் சொல்லுங்கள்.

சங்கத் தோழர்கள் கூலிக்கு மட்டுமல்ல, இதற்கும் கூடப் போய் நிற்க வேண்டும். தாயோ தகப்பனோ வழக்கில் தோற்கலாம். குழந்தை தோற்கக் கூடாது.